கிணறு இல்லாத காடு

1953, ஆவணி 5

காற்று வந்த வழியே நடந்து வந்து சேர்ந்தேன்.

பிறந்த நாள் தொட்டு மேல்காற்றை மார்பில் வாங்கி வளர்ந்தவன் நான். ஆனி பிறந்தால் அது மலைக் கணவாயில் நுழைந்து எங்கள் காங்கேயத்துக் காடுகளின் மேல் பாயும். ஈரத்தின் மணத்தைக் கொடுக்கும், ஈரத்தைக் கொடுக்காது. மழையை எங்கே கொட்டிவிட்டு இப்படி வெறுங்கையோடு வருகிறாய் என்று ஒவ்வோர் ஆண்டும் அதைக் கேட்டிருக்கிறேன். இன்று விடை கண்டேன். இந்த மலைப் பள்ளத்தாக்கில் புல் இடுப்பளவு நிற்கிறது. கீழே, கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், ஆறு இரைகிறது.

மலையடி வரை மாட்டு வண்டி. அதற்கு மேல் வண்டி ஏறாது. மயிலைக் காளையின் முதுகில் கேழ்வரகு மூட்டை. செவலையின் முதுகில் கலப்பையும் நுகமும். என் தலையில் தகரப் பெட்டி. ஏன் ஊரை விட்டாய் என்று வழியில் கேட்டவர்க்கெல்லாம் நிலம் போதவில்லை என்றேன். அது பொய்யன்று.

பாவாத்தாள் தன் தமையன் வீட்டில் இருக்கிறாள். நான் புறப்பட்டபோது என் மனைவி வாசலுக்கு வரவில்லை. உள்ளிருந்தே சொன்னாள்: “கெணறு இல்லாத ஊராப் பாத்துப் போங்க. அப்படீன்னா நானும் வாரனுங்க.”

இங்கே கிணறு இல்லை. சுற்று வட்டத்தில் எங்குமே இல்லை. வந்து பார்த்துவிட்டேன்.

ஆவணி 9

மழை. புல் வேய்ந்த கூரை ஒழுகிற்று. கேழ்வரகு மூட்டையின் மேல் படுத்து அதைக் காத்தேன்.

ஆவணி 21

உண்ணிச்செடிப் புதரை வெட்டிச் சாய்ப்பதே பத்து நாளாகத் தொழில். முள் கிழிக்காத இடம் உடம்பில் இல்லை. எங்கள் ஊரில் நிலத்தைக் காடு என்போம். சோளக் காடு, பருத்திக் காடு, கிணற்றுக் காடு. இங்கேதான் அந்தச் சொல்லின் முழுப் பொருளோடு மல்லுக்கு நிற்கிறேன்.

சரிவின் கீழே இருளர் குடியிருப்பு. அங்கிருந்து மருதன் என்பவன் வந்து வெட்டுக்குக் கை கொடுக்கிறான். என் வயதிருக்கும். எவரையும் ‘நீ’ என்றே அழைப்பான். அரசன் வந்தாலும் அப்படித்தான் அழைப்பான் போலும். சுயமரியாதையைப் பற்றி மேடை மேடையாக முழங்கியவனுக்கு முதல் நாள் அது சுருக்கென்றிருந்தது. இப்போது பழகிவிட்டது.

இந்தச் சரிவில் தன் தகப்பன் சாமை விதைத்தான் என்றும், மண் இளைப்பாறட்டும் என்று விட்டுவைத்திருந்தார்கள் என்றும் பேச்சோடு பேச்சாகச் சொன்னான். மலைக்குரிய நாயர் வீட்டுக் காரியக்காரர் எனக்கு இதை எழுதிக் கொடுத்தபோது எவருக்கும் உரியதல்லாத தரிசு என்றார். இரண்டையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

புரட்டாசி 8

மேட்டுக் காட்டை உழுதேன். செவலை இழுக்க மறுத்துப் படுத்துக்கொண்டது. சரிவில் உழுது பழகாத மாடு. நானும் அதனருகே அமர்ந்துவிட்டேன்.

மாலையில் பெட்டியைத் துழாவியபோது அடியில், என் வேட்டிகளுக்கிடையே, ஒரு சிறு பாவாடை இருந்தது. பச்சை. மஞ்சள் கரை. தவறி வந்துவிட்டது. உப்பும் புகையிலையும் கொண்டு மலைக்கு வருகிற வணிகர் எவரேனும் வந்தால் கொடுத்தனுப்ப வேண்டும்.

ஐப்பசி 3

வழியில் ஒரு புதுக் குரல் கேட்டது. அதுவும் என் ஊர்க் குரல். மட்டக்குதிரைகள் மூன்றில் உப்பு, கருவாடு, துணி ஏற்றிக்கொண்டு உதுமான் ராவுத்தர் வந்தார். தாராபுரத்துக்காரர். பாவாத்தாளின் தமையன் வீட்டு வழியாகத்தான் வருகிறார். ஒரு காலத்தில் என் கூட்டங்களுக்கும் வந்தவராம். என் பெயரின் வாலை நான் மேடையில் அறுத்தெறிந்த அன்று கைதட்டினாராம். ஆனாலும், “கவுண்டரே, சுகமா?” என்றுதான் தொடங்கினார். அறுத்த வாலை மலை மேல் கொண்டுவந்து ஒட்டிவிட்டாரே என்றேன். வாய் அப்படிப் பழகிவிட்டது, குதிரையைக்கூடச் சில நேரம் கவுண்டரே என்று அழைத்துவிடுகிறேன் என்றார். எத்தனை நாளைக்குப் பின் சிரித்தேன்!

பாவாத்தாள் அவரிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதானாம். உணவைக் கேட்கவில்லை, உடல்நலத்தைக் கேட்கவில்லை. அங்கே கிணறு இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாள். தாம் இன்னும் போய்ப் பார்க்கவில்லை, பார்த்து வந்து சொல்கிறேன் என்றிருக்கிறார். இன்று சுற்றிப் பார்த்தார். இல்லை என்று சொல்லிவிடுவதாகச் சொன்னார். வீட்டுக்கு ஒழுங்கான கூரை போட்டு, காட்டில் ஒரு விளைச்சலைக் காட்டினால் பங்குனியில் தாமே உடன் அழைத்து வருவதாகவும் சொன்னார்.

பாவாடையைக் கொடுக்க மறந்துவிட்டேன்.

ஐப்பசி 22

மேடை ஏறாத வாய் துருவேறுகிறது. இன்று பாறை மேல் ஏறி நின்று மயிலைக்கும் செவலைக்கும் உரையாற்றினேன். பொருள்: உழுபவனுக்கே நிலம். மெல்லத் தொடங்கினேன். கேள்விகளை அடுக்கினேன். பின் குரலை ஏற்றினேன். எதிர்மலை என் ஒவ்வொரு சொல்லின் வாலையும் திருப்பி எறிந்தது. “உரியது” என்று முடித்தேன்; “யது, யது” என்றது மலை. மாடுகள் அசைபோட்டன.

இறங்கியபோது கீழே மருதன் நின்றிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றான் என்று தெரியாது.

“யாரெ வையறெ?” என்றான்.

ஒருவரையும் திட்டவில்லை என்றேன். அப்படியானால் சரி என்று தேன் ஒரு சுரைக்குடுக்கை கொடுத்துவிட்டுப் போனான்.

கார்த்திகை 11

மேட்டுக் காடு முழுவதும் மிளகாய் நாற்று நட்டாயிற்று. சாமையும் அவரையும் வயிற்றுக்கு, மிளகாய்தான் பாவாத்தாளுக்கு. காடு சிவந்து கிடப்பதைக் கண்டால் அவள் இங்கே தங்குவாள். அவள் கை பட்ட மிளகாயைத்தான் எங்கள் ஊர்ச் சந்தையில் முதலில் எடுப்பார்கள்.

கார்த்திகை 27

முகில் இறங்கிற்று. எதிர்மலை மறைந்தது, பிறகு ஆறு மறைந்தது, பிறகு கையில் பிடித்த மண்வெட்டியின் இலை மறைந்தது. வெள்ளைக்குள் நெடுநேரம் நின்றேன். முகிலுக்குத் தமிழில் எத்தனை பெயர்கள்! கார், கொண்டல், மஞ்சு, மங்குல். இன்னும் ஒன்று உண்டு, எங்கள் வீட்டில் நாளெல்லாம் ஒலித்த பெயர். அதை மட்டும் இந்த ஏட்டில் எழுதுவதில்லை.

மார்கழி 6

மழை நின்றுவிட்டது. ஆற்றில் இறங்கி நீர் மொண்டு காவடியில் தூக்கி வருகிறேன். ஆறு பெருகித்தான் ஓடுகிறது. ஆனால் அது இருப்பது பாதாளத்தில், மிளகாய் இருப்பது வானத்தில். ஒரு பாத்திக்கு ஊற்றி முடிப்பதற்குள் முன் ஊற்றிய பாத்தி காய்ந்துவிடுகிறது. தோளில் காவடித் தண்டு பதிந்த இடம் புண்ணாகி, புண்ணின் மேலேயே தண்டு மீண்டும் பதிகிறது.

மார்கழி 14

செடிகள் பகலில் தலை கவிழ்கின்றன. விடியலில் நிமிர்கின்றன. நிமிரும் அளவு நாளுக்கு நாள் குறைகிறது.

மார்கழி 19

மேட்டுக் காட்டின் வடகிழக்கு மூலையில் நாவல் மரம் நிற்கிறது. அதனடியில் மண் எப்போதும் குளிர்ந்தே இருக்கிறது. வறண்ட நாட்டில் பிறந்தவன் காலுக்கு அது தெரிந்துவிடும்.

இன்று அங்கே ஒரு குழி தோண்டத் தொடங்கினேன்.

மார்கழி 22

குழி முழங்கால் ஆழம். கிணற்றில்லாத நிலத்தை எங்கள் நாட்டில் நிலமென்றே ஒப்ப மாட்டார்கள். பெண் கொடுக்க வருகிறவன் வீட்டைப் பார்ப்பதற்கு முன் கிணற்றை எட்டிப் பார்ப்பான். நான் தோண்டுவது குழி. மழை வந்தால் நீர் தேங்கும், அவ்வளவே.

மார்கழி 26

ஆள் ஆழம் போனதும் மண்ணை மேலே ஏற்ற இன்னொரு கை தேவைப்பட்டது. மருதனை அழைத்தேன். அவன் கயிறு கட்டிக் கூடையை இழுக்கிறான். விளிம்பில் குந்தியபடி என்னைக் குனிந்து பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொள்கிறான்.

“ஆறு அங்கே ஓடுதெ. நீ எதுக்கு மண்ணுக்குள்ளே போயித் தேடறெ?”

மேட்டுக்கு ஆறு ஏறி வராதே என்றேன். அப்படியானால் செடியைக் கீழே வைத்திருக்கலாமே என்றான். கீழே பாறை, மண் இல்லை என்றேன். அப்படியானால் செடியே வைக்காமல் இருந்திருக்கலாமே என்றான். கூடையை நிரப்பினேன்.

தை 1

பொங்கல். சாமையில் பொங்கினேன். மருதன் வீட்டார் தங்கள் சாமி காரியத்துக்காக மேல்மலைக்குப் போய்விட்டார்கள். மாடுகளைக் கழுவிப் பொட்டிட்டேன். வழக்கப்படி பொங்கல் பொங்கும்போது கூவினேன். கூவியது நான் ஒருவனே ஆகையால் குரல் எனக்கே வேற்றாள் குரலாகக் கேட்டது. இலை இரண்டு போட்டுவிட்டதாக எண்ணினேன். ஒன்றை மடித்து மாட்டுக்கு வைத்தேன். பிறகுதான் பார்த்தேன்: மடித்து வைத்தது இரண்டு, என் முன் இருந்தது மூன்றாவது.

தை 7

நீர் இன்னும் வரவில்லை. ஆயினும் இன்று குழியைச் சுற்றிச் சுவர் எழுப்பத் தொடங்கினேன்.

எங்கள் ஊர்க் கிணறுகளுக்குச் சுவர் கிடையாது. மாடு பின்னும் முன்னும் நடந்து இறைப்பதற்குத் தோதாக விளிம்பைத் தரையோடு தரையாக விட்டுவிடுவார்கள். நிலம் முடியும் இடத்தில் நீர் தொடங்கும். தும்பைப் பூ பறிக்கக் குனிந்தால் அடுத்த அடி நீர். இங்கே அப்படி விடப்போவதில்லை. மார்பளவுக்குச் சுவர். அதற்கு மேல் மூங்கில் தட்டி. தட்டிக்குத் தாழ்ப்பாள்.

ஆற்றுப் படுகையிலிருந்து கல் சுமந்தோம். மருதனுக்கு இது விளங்கவே இல்லை. “தண்ணியே வரலெ. எதெப் பூட்டறெ?” என்றான். யானை விழாமல் இருக்க என்றேன். யானைக்கு இந்தச் சுவர் எம்மாத்திரம் என்று கேட்டான். கன்றுகளுக்காக என்றேன்.

அவன் என்னை ஒருமுறை நன்றாகப் பார்த்தான். அதன் பிறகு கேட்கவில்லை. அன்று அவன் சுமந்த கற்கள் என்னுடையவற்றைவிடப் பெரியவை.

தை 16

சுவர் முடிந்தது. எம்பிக்கூட எட்டிப் பார்க்க முடியாது, சிறியவர்களால்.

தை 20

நீர்!

நடுப்பகலில் கடப்பாரை ஒரு பாறையின் இடுக்கில் இறங்கியது. உருவினேன். உருவிய துளையில் ஈரம் மின்னியது. பிறகு அது அசைந்தது. பிறகு அது பேசியது. என் கணுக்காலைக் குளிர் சுற்றிக்கொண்டபோது மருதா, மருதா என்று கத்தினேன். அவன் கயிற்றோடு வழுக்கிக்கொண்டே கீழே வந்துவிட்டான். சிரித்தவன்தான், இரண்டு கையாலும் மொண்டு குடித்தான். நானும் குடித்தேன். பாலிலும் இல்லாத, தேனிலும் இல்லாத ஒரு சுவை. இரும்பும் நாவல் வேரும் கலந்த சுவை.

கிணறு. இனி அந்தச் சொல்லை எழுதத்தான் வேண்டும். கிணறு தோண்டிவிட்டேன்.

தை 29

ஏற்றம் கட்டி இறைக்கிறேன். மிளகாய் நிமிர்ந்துவிட்டது. வெள்ளைப் பூக்கள் இலைக்கடியில் தலைகீழாகத் தொங்குகின்றன. உண்மையைச் சொன்னால், இந்தப் பத்து நாளில் நான் நன்றாக உறங்கினேன்.

மாசி 4

உதுமான் ராவுத்தர் வந்தார். மேட்டில் ஏறியவர் ஏற்றக் கம்பத்தைக் கண்டதும் குதிரையின் கயிற்றை விட்டுவிட்டு அப்படியே நின்றார்.

பேசினேன். வாழ்நாளில் எந்த மேடையிலும் அப்படிப் பேசியதில்லை. மழை பொய்த்ததைச் சொன்னேன். காவடித் தழும்பைக் காட்டினேன். சுவரின் உயரத்தைக் காட்டினேன். மூங்கில் தட்டியைத் திறந்து மூடித் தாழிட்டுக் காட்டினேன். மண்ணை நம்பி வந்தவன் மண்ணைத் தோண்டாமல் வேறு எதைத் தோண்டுவான் என்று கேட்டேன். பூத்த செடியைப் பிடுங்கச் சொல்லுகிற உரிமை எவருக்கு உண்டு என்று கேட்டேன். பாவாத்தாள் வந்து, இந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தால், அச்சம் தானே நீங்கும் என்றேன். அதுவரையில் அவளிடம் இதைச் சொல்ல வேண்டாம் என்றேன்.

நான் முடித்த பிறகு அவர் மெல்லச் சொன்னார்.

“கவுண்டரே, அந்தம்மா என்னைப் பாத்ததும் மொதல்ல கேக்கறதே அதத்தான். பெத்த புள்ளயக் கெணத்துல இருந்து தூக்குன பொம்பளகிட்ட நான் பொய் சொல்லவா?”

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன். கோடிட்டு அடிக்கவில்லை.

அவரே தொடர்ந்தார். போன முறை கிணறு இல்லை என்று தாம் சொன்ன அன்றுதான் அவள் பல மாதங்களுக்குப் பின் தலை வாரிப் பூ வைத்தாளாம். பங்குனிக்கு வருவதாகத் துணிகளை மூட்டை கட்டி வைத்திருக்கிறாளாம். “நாளைக்கு மேல்பதிக் குடியிருப்புக்குப் போயிட்டு நாளன்னிக்கு இந்த வழியாத்தான் எறங்குவன். நீங்க சொல்லச் சொல்றதைச் சொல்றன். ஆனா பொய்யா இருந்தாச் சொல்ல மாட்டன்.”

மாசி 6

விடியலில் ராவுத்தர் இறங்கி வந்தார். அவரை வழியிலேயே நிறுத்திச் சொன்னேன்: இங்கே கிணறு இல்லை என்று சொல்லுங்கள்; நீங்கள் ஊர் போய்ச் சேருவதற்குள் அது பொய்யாக இருக்காது.

என் முகத்தை நெடுநேரம் பார்த்தார். பிறகு மிளகாய்க் காட்டைப் பார்த்தார். தலையை ஆட்டிவிட்டுக் குதிரையை ஓட்டிக்கொண்டு போனார்.

ஏற்றத்தை அவிழ்த்தேன். பக்கத்தில் குவித்திருந்த மண்ணில் முதல் கூடையை வாரிச் சுவருக்கு மேல் தூக்கி உள்ளே கொட்டினேன்.

நீரில் பொருள் விழும் ஓசை. அதை நான் கேட்டதில்லை. பாவாத்தாள் கேட்டிருக்கிறாள். அன்று நான் தாராபுரத்து மேடையில் பேசிக்கொண்டிருந்தேன்.

மாசி 7

கொட்டினேன்.

மாசி 8

கொட்டினேன். மருதன் வந்தான். ஏன் என்று கேட்பான் என்று விடை தேடி வைத்திருந்தேன். கேட்கவில்லை. தன் கூடையை எடுத்துக்கொண்டான்.

மாசி 11

மண் விழ விழ நீர் மேலே ஏறி வருகிறது. ஊற்று தோற்க மறுக்கிறது. தோண்டியபோது இவ்வளவு நீர் இருக்கிறதென்று காட்டவில்லை, மூடும்போது காட்டுகிறது.

மாசி 17

மூடியாயிற்று. மேலே மிதித்து இறுக்கினேன். ஈரம் இன்னும் கசிகிறது. சுவரை இடிக்கக் கடப்பாரையை எடுத்தேன். கை வரவில்லை. ஒன்றுமில்லாததைச் சுற்றி ஒரு சுவர் நிற்கிறது.

மாசி 25

மிளகாய் மஞ்சளித்துவிட்டது. பிஞ்சுகள் உதிர்கின்றன. காவடியைக் கொண்டு ஆற்று வழிக்கு அருகான பாத்திகளை மட்டும் காக்கிறேன். மேலே இருப்பவற்றைப் பார்ப்பதில்லை. நடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

பங்குனி 3

கூரைக்குப் புதுப் புல் வேய்ந்தேன். அடுப்பு மெழுகினேன்.

பங்குனி 9

ராவுத்தர் வரவில்லை.

பங்குனி 12

வரவில்லை.

பங்குனி 14

வந்தார்கள்.

வளைவில் குதிரை மணி கேட்டது. பாவாத்தாள் குதிரையில் ஏறாமல் மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தே வந்தாள். இளைத்திருக்கிறாள். நெற்றிப் பக்கம் நரைத்திருக்கிறது. “வந்துட்டனுங்க” என்றாள். நான் மூட்டையை வாங்கிக்கொண்டேன். ராவுத்தர் ஒரு வாய் நீர் குடித்துவிட்டு, பொழுது சாய்வதற்குள் குடியிருப்புக்குப் போக வேண்டும் என்று நழுவிவிட்டார்.

வீட்டைப் பார்த்தாள். மாடுகளைத் தடவினாள். காய்ந்த மிளகாய்க் காட்டின் ஊடே ஒவ்வொரு பாத்தியாக நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். வடகிழக்கு மூலைக்குப் போகாமல் அவளைத் திருப்பிவிட எண்ணினேன்; முடியவில்லை. நாவல் மரத்தடியில், சுவருக்கு முன்னால் நின்றாள்.

வட்டச் சுவர். மூங்கில் தட்டி. தாழ்ப்பாள். தாழ்ப்பாளை அவளே நீக்கினாள். உள்ளே குனிந்து பார்த்தாள். இறுகிய புது மண். அதில் அங்கங்கே ஈரப் புல் முளைக்கத் தொடங்கியிருந்தது. அந்தப் பக்கத்தில் வேறெங்கும் பச்சை இல்லை.

“தண்ணி வந்துச்சுங்களா?” என்றாள்.

வந்தது என்றேன்.

நன்றாகவா என்று கேட்டாள். நன்றாக என்றேன்.

சுவரின் மேல் கையை வைத்தாள். அது தன் மார்பு வரை வருவதைப் பார்த்தாள். பிறகு கையைக் கீழே இறக்கி, சுவரில் ஓர் உயரத்தில் நிறுத்தினாள். இடுப்புக்குச் சற்றுக் கீழே. அந்த உயரத்தை நானும் அறிவேன்.

“இந்தச் செவுரு அங்க இருந்திருக்கோணுமுங்க.”

அழவில்லை. சினக்கவும் இல்லை. சொல்லிவிட்டுத் தட்டியை மூடித் தாழிட்டாள்.

நான் பேசிப் பேசியே பெயர் பெற்றவன். அங்கே நின்றேன்.

பங்குனி 15

காலையில் பெட்டியைத் திறந்தவள் பச்சைப் பாவாடையைக் கண்டாள். வீடு முழுவதும் இதைத் தேடியதாகச் சொன்னாள். பரண் மேல்கூட ஏறித் தேடினாளாம். என்னிடம் இருக்கும் என்று தோன்றவே இல்லையாம். மடித்து, பெட்டியில் என் வேட்டிகளுக்கும் தன் சேலைகளுக்கும் நடுவில் வைத்தாள்.

அந்த மண்ணில் ஈரம் இருக்கும்போதே எதையாவது நட வேண்டும் என்றாள். ஊரிலிருந்து கொண்டுவந்த அவரை விதையை எடுத்துக்கொண்டு சுவருக்குள் இறங்கினாள். நான் வெளியே நின்று விதையை எடுத்து எடுத்துக் கொடுத்தேன்.

பிறகு குடத்தோடு கிளம்பினாள். நானும் காவடியைத் தூக்கிக்கொண்டேன். ஆறு வரை இறக்கம், திரும்பி வரும்போது ஏற்றம். வழி நெடுக எங்கள் எழிலியைப் பற்றிப் பேசினோம்.